பெட்ரோலில் எண்ணெய் கலக்கலாமா?

டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டருக்குப் பெட்ரோலோடு எண்ணெயும் சேர்த்து ஊற்றிய பழைய வழக்கம் காருக்கும் க்ஷேமம் தரும் என்று நம்பி, டாங்கில் சிறிது எண்ணெயைக் கலக்கும் அன்பர்கள் இன்றும் உளர். காரின் இயந்திரத்துக்கு வேண்டிய எண்ணெய், அடியிலுள்ள தனித் தொட்டியிலிருந்து பம்பின் வழியே இடைவிடாது சென்றுகொண்டிருக்க, எரிந்து போவதற்கென்றே வேறோர் எண்ணெய் அநாவசியம்.

நஷ்டம் பெரும்பாலும் புகை செல்லும் வழியில்தான். 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களின் புதுக் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் முதலிய உலோகங்களின் மெல்லிய பூச்சினால் விஷவாயுக்களின் கொடுமையைத் தணிப்பது; என்ஜின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் பாஸ்பரஸும் துத்தநாகமும், எரிந்தபின் அப்பூச்சின்மீது படிந்து, அதன் சக்தியை நாளடைவில் க்ஷீணிக்கச் செய்யும். ஆக்ஸிஜன் சென்சாரும் தப்பாது.

சாம்பல் குறைந்த டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கைத்தவறுதலாகச் சிறிதளவு விழுந்துவிட்டால் பயம் வேண்டாம். டாங்கைப் பெட்ரோலால் நிரப்பி ஓட்டினால் போதும். விழுந்தது என்ஜின் ஆயிலாக, அதுவும் அதிகமாக இருப்பின், வண்டியைக் கிளப்பாமல் டாங்கைக் காலி செய்விப்பதே உத்தமம். இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யும் திரவம் வாங்குவோர், கடைக்காரரின் வாக்சாதுரியத்தை விட்டு, கன்வர்ட்டருக்கும் சென்சாருக்கும் தீங்கற்றது என்று புட்டியில் அச்சிட்டிருக்கிறதா என்றும், காரின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஒன்றும் கலக்காமலே நீலப்புகை வந்தால், இயந்திரம் தன் எண்ணெயைத் தானே எரிக்கிறது என்று கொண்டு, புதுக் கன்வர்ட்டருக்குப் பணம் கொடுக்குமுன் பிஸ்டன் ரிங்கையும் வால்வு சீலையும் சோதிக்கச் சொல்லுங்கள்.