4,29,49,67,297: ஃபெர்மாவை ஏமாற்றிய எண்

சி புரோகிராமில் ஒரு 32 பிட் அன்சைன்ட் இன்ட் எடுத்து, அதில் 4,29,49,67,297-ஐப் போட்டுப் பாருங்க. கம்பைலர் ஒரு வார்னிங் கொடுக்கும். பிரிண்ட் பண்ணினா வெறும் 1 வரும். ஏன்னா இது 2³² + 1. நம்ம லேப்டாப்புக்கு இது வெறும் ஓவர்ஃப்ளோ. கணிதத்தில் இது ஒரு பெரிய ஆளையே கவிழ்த்த எண்.

1640-இல் பிரான்ஸில் ஃபெர்மா (தொழிலால் அவர் சட்டக்காரர், கணக்கு சும்மா ஆசைக்கு!) ஒன்றைக் கவனித்தார். 2-க்கு அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று போட்டு, விடையோடு 1 கூட்டினா 3, 5, 17, 257, 65,537. ஐந்துமே பகா எண்கள். அடுத்து 32, 64, 128 என்று எவ்வளவு தூரம் போனாலும் பகா எண்தான் வரும் என்று நம்பினார். நிரூபணம் மட்டும் கையில் இல்லை.

1732-இல் ஆய்லர் அதை உடைத்தார்: 32 போட்டு வருகிற நம்ம எண் 641 × 67,00,417.

கால்குலேட்டர் இல்லாத காலம். நேரடியா வகுத்துப் பார்க்கணும்னா 65,536-க்குள் 6,542 பகா எண்கள் இருக்கு. ஆய்லர் பின்னாளில் நிரூபித்த வழி இதைச் சுருக்கிடுது. ஒரு பகா எண் நம்ம எண்ணை மீதியில்லாமல் வகுத்தால், அதால் 2³²-ஐ வகுக்கும்போது மீதி −1. வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1. அதற்கு முந்தைய எந்த அடுக்குக்கும் மீதி 1 வராது. அப்போ அந்தப் பகா எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது 64-இன் மடங்காத்தான் இருக்கணும். இந்தக் கடைசிப் படிக்கு உதவுவது ஃபெர்மாவோட சொந்தத் தேற்றம்! ஆக, சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, 641... ஐந்தாவது முயற்சியிலேயே மாட்டிக்கிச்சு.

பெருக்கிப் பார்க்காமலே 641-ஐச் சரிபார்க்க ஒரு அழகான வழி இருக்கு. எக்ஸாம் ஹாலில்கூட போடலாம்.

641 = 5 × 2⁷ + 1. அதனால் 641-ஆல் வகுத்தால் 5 × 2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1.

இன்னொரு பக்கம், 641 = 625 + 16 = 5⁴ + 2⁴. அதனால் 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். போட்டால் −2³²-க்கு மீதி 1. அதாவது 2³² + 1-க்கு மீதி பூஜ்யம். முடிஞ்சது.

641-ஐயும் 67,00,417-ஐயும் பெருக்க நமக்கு ஒரு நிமிஷம் போதும். திருப்பிப் பிரிக்க, ஃபெர்மா சொன்னதிலிருந்து 92 வருஷம் ஆச்சு. கிரிப்டோகிராஃபி பேப்பரில் வரும் ஆர்.எஸ்.ஏ. இந்த வித்தியாசத்தை நம்பித்தான் நிக்குது. அதில் பப்ளிக் கீக்கு வழக்கமா எடுக்கும் அடுக்கு 65,537. ஃபெர்மாவோட லிஸ்ட்டில் தப்பாத கடைசி எண். பைனரியில் இரண்டே இரண்டு 1 இருப்பதால் கணக்கு வேகமா ஓடும்.

அந்த 65,537-க்கு அப்புறம் இன்று வரை இந்த வரிசையில் ஒரு பகா எண்கூடக் கிடைக்கலை. அடுக்கு 2³³ வரும் எண்ணுக்குச் சுமார் 258 கோடி இலக்கங்கள். அது பகா எண்ணா இல்லையான்னு இன்னும் யாருக்கும் தெரியாது.