மலையேறும் வண்டியும் கரிக்கணக்கும்

போடிநாயக்கனூரிலே பொழுது புலருமுன் எழுவார்க்கு முதலிற் கேட்கும் ஒலி ஜீப்பு வண்டிகளின் உறுமலாகும். மேற்றிசையில் ஓங்கி நிற்கும் ஏலமலைச் சரிவுகளிற் காய் பறிக்கவும் களை நீக்கவும் செல்லும் தொழிலாளர், பெரும்பாலும் பெண்டிர், சோற்றுத் தூக்குடன் அவற்றில் ஏறி, மாநில எல்லை கடந்து இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களிற் பாடுபட்டு, அந்திக்குத் திரும்புகின்றனர். என் தாயாரும் சில ஆண்டுகள் அங்ஙனம் சென்றவரே. இவ்வண்டிகள் எரிக்கும் எண்ணெயால் எத்துணைக் கரியமில வாயு வானிற் சேர்கின்றது என்று கணித்துரைக்கும் ஒரு மென்பொருளை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதே ஈண்டு யான் ஆராயப் புகுந்த பொருள். தமிழ் பயில்வானுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர் நகைப்பர். கூட்டலும் பெருக்கலும் கணிப்பொறிக்கு எளிய. எதனை எண்ணுவது, யார் பெயரில் எழுதுவது என்று துணிவதே அரிது. அத்துணிவு சொல்லையும் பொருளையும் ஆராய்வார்க்கும் உரியதென்றே கருதுகின்றேன்.

முதற்கண் அவ்வாயு பிறக்கும் வகையைக் காண்போம். ஒரு லிட்டர் டீஸல் ஏறக்குறைய 830 கிராம் எடையுள்ளது. அதில் நூற்றுக்கு 86 பங்களவு கரி. அஃது எரியுங்கால், 12 பங்கு கரி 32 பங்கு பிராணவாயுவோடு கூடி 44 பங்கு கரியமில வாயுவாகின்றது. ஆகவே ஒரு கிலோகிராமுக்குக் குறைந்த எண்ணெயிலிருந்து இரண்டரைக் கிலோகிராமுக்கு மேற்பட்ட வாயு தோன்றுகின்றது. எரிந்த பொருளினும் எழுந்த வாயு மும்மடங்கு எடையுடையதாவது எங்ஙனம் என்று முதலில் யானும் மயங்கினேன். மிகுந்த எடை காற்றிலிருந்து வந்து சேர்ந்த பிராணவாயுவினுடையது. வழக்கிலுள்ள கணக்குகளில் ஒரு லிட்டர் டீஸலுக்கு 2.68 கிலோகிராமும், கலப்பில்லாப் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 2.3 கிலோகிராமும் கொள்ளப்படுகின்றன. நம் நாட்டுப் பெட்ரோலிலோ 2025ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கப்படலாயிற்று. கரும்பிலும் தானியத்திலும் பிறந்த அவ்வெரிபொருளின் கரியைத் தனியே குறிப்பது மரபாதலின், பெட்ரோலுக்கென ஒரே எண்ணை மென்பொருளில் மாறாது பதித்து வைத்தல் ஆகாது.

இனி, கணக்கிடும் வழிகள் இரண்டு. எரித்த எண்ணெயை லிட்டராற் கேட்டறிவது ஒன்று. ஓடிய தூரத்தைக் கிலோமீட்டராற் கேட்டு, இவ்வகை வண்டி இவ்வளவு எரிக்கும் என்னும் அட்டவணையாற் பெருக்குவது மற்றொன்று. பருவநிலை மாற்றம் பற்றிய பன்னாட்டு அரசுக்குழு 2006இல் வெளியிட்ட நெறிநூல், கரியமில வாயுவைப் பொறுத்தமட்டில் எண்ணெய்வழிக் கணக்கையே சிறந்ததாகக் கொள்கின்றது. ஐரோப்பியர் கையாளும் ‘கோப்பர்ட்’ என்னும் மென்பொருள் வண்டியின் சராசரி வேகத்தை அடிப்படையாகக் கொண்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழற் காப்பு முகமையின் ‘மூவ்ஸ்’ என்பது எஞ்சின் நொடிதோறும் இழுக்கும் பாரத்தையும் நோக்குவது. அவை பெருநகரங்களுக்கும் நாடுகளுக்கும் பயன்படுவன. நம் ஜீப்புக்காரரிடம் அவை வினவும் வினாக்களுக்கு விடை கிடையா.

சமவெளியில் இவ்விரு வழியும் ஏறக்குறைய ஒத்துச் செல்லும், மலையில் ஒவ்வா. போடியிலிருந்து போடிமெட்டு 26 கிலோமீட்டர் அளவினது. முந்தலைக் கடந்தபின் 17 கொண்டையூசி வளைவுகளில் வண்டி சுற்றிச் சுற்றி ஏறுகின்றது. ஏற்றம் ஏறக்குறைய 1000 மீட்டர். ஆட்களோடு 2500 கிலோகிராம் எடையுள்ள ஒரு ஜீப்பு, சமநிலத்தில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். தூரவழிக் கணக்கின்படி 2.2 லிட்டர் போதும். வாயு 6 கிலோகிராமுக்குச் சற்றுக் குறையும். ஆயின் அவ்வெடையை 1000 மீட்டர் உயர்த்துதற்கே ஏறக்குறைய 24.5 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீஸலில் அடங்கிய 36 மெகாஜூலில் காற்பங்கே சக்கரத்தைச் சேருமென்று கொண்டால், உயரத்துக்கு மட்டும் 2.7 லிட்டர் செலவாகும். இரண்டும் கூடி 4.9 லிட்டர், வாயு 13 கிலோகிராம். இறங்குங்கால் எண்ணெய் மிகக் குறைவாகவே செல்லும் என்பது மெய். எனினும் ஏறுகையிற் சேர்த்த ஆற்றலின் பெரும்பகுதி பிரேக்கின் சூடாகக் கழிந்துவிடுகின்றது. ஆதலின் தூரத்தை மட்டும் கேட்கும் மென்பொருள் எங்கள் மலைக்கு உதவாது.

அடுத்தது, இவ்வாயு யார் கணக்கில் ஏறுவது என்னும் வினா. நாடுகளின் கணக்கில் எண்ணெய் விற்கப்பட்ட இடமே கொள்ளப்படுகின்றது. அந்நெறியை மாவட்டங்களுக்கும் கொண்டால், போடியிற் டாங்கியை நிரப்பி இடுக்கியில் எரித்த எண்ணெயெல்லாம் தேனியின் தலையில் விழும். விளைந்த ஏலக்காயோ இடுக்கியின் பேரால் வழங்கும். வணிக நிலையங்களுக்கென 2011இல் வெளிவந்த பசுங்குடில் வாயுக் கணக்கு நெறியோ வேறு கூறுகின்றது. அதன் பதினைந்து வகைகளுள் ஏழாவது, தொழிலாளர் வேலைக்கு வந்துபோகும் பயணம்; அது வேலை கொடுப்போரின் கணக்கிற் சேர்வது. இந்நெறியே எனக்கு நேரியதாகத் தோன்றுகின்றது. ஏலக்காயை உலர்த்தும் நெருப்பைக் காயின் செலவாகக் கொள்வோர், அக்காயைப் பறிக்கும் கையைக் கொண்டுவந்த எண்ணெயை மட்டும் கைக்குரியவளின் செலவாக எழுதுவது எங்ஙனம் பொருந்தும்?

ஆள்வீதம் பங்கிடுமிடத்து இதனினும் பெரியதோர் இடர் உண்டு. மேற்கூறிய 13 கிலோகிராமை எண்மர்க்குப் பங்கிட்டால் தலைக்கு 1.6 வரும். பதினறுவரை அடைத்து ஏற்றினால், மிகுந்த எடையாற் கூடும் ஒரு கிலோகிராமையும் சேர்த்துப் பார்ப்பினும், தலைக்கு 0.9 தான். ஆகவே மென்பொருள் நெருக்கி அடைத்த வண்டியையே தூயதென்று பச்சை நிறத்திற் காட்டிப் புகழும்! பின்புறத்திற் கம்பியைப் பற்றிக்கொண்டு வளைவுதோறும் சாய்கின்ற பெண்ணின் அச்சத்துக்கு அதில் இடமில்லை. நீதிமொழிகள் கள்ளத்தராசைப் பழிப்பதை யாம் ஓய்வுநாட் பள்ளியிற் கேட்டிருக்கின்றோம். முள் நேரே நின்றும் தட்டில் வைக்கவேண்டியதை வையாவிடின் அதுவும் அவ்வகைத் தராசே. இதனால் யான் வகுத்த திட்டத்தில், வண்டியின் உரிமச் சீட்டிற் கண்ட ஆட்தொகைக்கு மேல் வகுத்தல் நடவாது. மிகுந்தோர் தொகை தனிக்கட்டத்திற் சிவப்பாகத் தோன்றும். கரிக்கணக்கில் இது புறம்பானது என்று கணிதம் பயிலும் என் நண்பன் வாதாடுகின்றான். இன்னும் நாங்கள் ஒத்துப்போகவில்லை.

உள்ளிட வேண்டுவன சில. எண்ணெயின் வகை, பெட்ரோல் பங்கிற் கொடுத்த சீட்டின்படி லிட்டர், ஏறிய ஆட்கள், போன வழி. டாங்கி நிறைய நிரப்பிய நாளிலிருந்து மறுமுறை நிறைய நிரப்பும் நாள்வரை ஒரு கணக்கு. சீட்டுத் தொலைந்த நாளில் மென்பொருள் தூரமும் ஏற்றமும் கொண்டு மதிப்பிடலாம். ஆனால் அளந்த எண்ணும் மதித்த எண்ணும் ஒரே பத்தியிற் கலத்தலாகாது.

எங்கள் தெருவில் ஜீப்பு ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் இம்முறையை விளக்கி, தூரங்காட்டும் கருவியின் எண்ணையும் நாள்தோறும் குறித்துத் தரும்படி வேண்டினேன். அவர் என்னை வண்டிக்குள் அழைத்துக் காட்டினார். அக்கருவி ஓடாது நின்று நெடுநாளாயிற்றாம். “லிட்டர் வேணும்னா எழுதித் தாரேன் தம்பி, காசு குடுத்து வாங்குறது அதுதானே,” என்றார். பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் அவர் இப்பொழுது எழுதி வருகின்றார்.