தர்காவிலிருந்து கோயிலுக்கு: வழியைச் சுருக்குவது எப்படி?

கோரிப்பாளையம் தர்காவிலிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்கு வழி கேட்டால், "ஏ.வி. பாலம் ஏறி, யானைக்கல்லில் இறங்கி நேரா போ"ன்னு சொல்லிடுவோம். கம்ப்யூட்டருக்கு இப்படிச் சொன்னால் புரியாது. வழி முழுக்க வரிசையாகப் புள்ளி வைத்து, ஒவ்வொன்றின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் அது பிரவுசருக்கு அனுப்ப வேண்டும். புள்ளிகள் கூடினால் படம் வரத் தாமதமாகும். அதற்கு இரண்டு வைத்தியம் உண்டு.

1. வேண்டாத புள்ளியை விடுதல்

1973-ல் டேவிட் டக்ளஸ், தாமஸ் பாய்க்கர் இருவரும் எழுதிய முறை இது. வழியின் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துக் கட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நூலிலிருந்து அதிகம் விலகிய புள்ளி எது? அந்த விலகல் 5 மீட்டருக்குள் இருந்தால் நடுப்புள்ளிகள் எல்லாமே தேவையில்லை. மீறினால் அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு, அதற்கு இருபுறமும் திரும்ப நூல் கட்ட வேண்டும். நேரான பாலத்துக்கு இரண்டு முனை போதும். வளைவுகளுக்குத்தான் புள்ளி அதிகம்.

2. வித்தியாசத்தை மட்டும் அனுப்புதல்

2005-ல் வந்த கூகுள் மேப் பயன்படுத்தும் முறை இது. உதாரணத்துக்கு:

முதல் புள்ளி: 9.93012, 78.12934
அடுத்தது: 9.92987, 78.12921

ஐந்தாம் தசம இடம் என்பது சுமார் 1.1 மீட்டர். அடுத்த புள்ளியை முழுசா எழுதினால் 16 எழுத்து. வித்தியாசமோ வெறும் -25, -13 தான்! ஒரு குறியீட்டில் 5 பிட் அடங்கும். அதாவது -16 முதல் +15 வரை. இரண்டு குறியீட்டில் -512 முதல் +511 வரை. ஆக -25க்கு இரண்டு, -13க்கு ஒன்று. 16 இருந்த இடத்தில் 3 போதும்.

கவனம்!

முதலில் ஒவ்வொரு புள்ளியையும் 5 தசமத்துக்கு முழுமையாக்கிவிட்டு, பிறகுதான் கழிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் சின்னச் சின்னப் பிழை சேர்ந்து, போகப்போகக் கோடு தெருவைவிட்டே விலகிவிடும்.

ஆசைப்பட்டு 5 மீட்டரை 100 மீட்டர் ஆக்கினாலும் ஆபத்துதான். கோடு ஏ.வி. பாலத்தைவிட்டு, பக்கத்துத் தரைப்பாலத்தில் போவதுபோலத் தெரியலாம். வைகையில் வெள்ளம் வரும் நாளில் அந்தத் தரைப்பாலம் மூழ்கிவிடும். புது ஊர்க்காரர் அதை நம்பிப் போனால்? சுருக்கலாம், ஆனா வழி மாறக்கூடாது.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைக் கட்டம் போட்ட தாளில் வரையுங்கள். எத்தனை புள்ளியை அழித்தாலும் வழி மாறாமல் இருக்கிறது? எண்ணிச் சொல்லுங்கள்!