வாலைப் பார்த்து எண்ணுகிறார்கள்

கேள்வி: மகனோடு அலாஸ்காவில் படகில் போனோம். ஒரு கூனல் திமிங்கிலத்தைக் காட்டி, “இது ஒவ்வொரு கோடையும் இங்கே வரும்” என்றார் வழிகாட்டி. எல்லாமே ஒரே மாதிரி இருக்கும்போது எப்படி அடையாளம் கண்டு எண்ணுகிறார்கள்?

முதுகைப் பார்த்தால் ஒரே மாதிரிதான், அம்மா. வாலைப் பார்க்க வேண்டும். ஆழத்துக்கு மூழ்கும்போது வாலைத் தூக்குமே, அதன் அடிப்பக்கத்தில் உள்ள கறுப்பு வெள்ளைத் திட்டுகளும் ஓரத்து வெட்டுகளும் தழும்புகளும் நம் கைரேகை போல ஒன்றுக்கொன்று வேறுபடும்.

குளிர்காலத்தில் ஹவாய்ப் பக்கம் போய்க் குட்டி போடும் இவை அங்கே அநேகமாகச் சாப்பிடுவதே இல்லை. கோடையில் ஹெர்ரிங் மீனும் கிரில் எனும் சிற்றுயிர்களும் தேடி வடக்கே வருகின்றன. தாய் காட்டிய மேய்ச்சல் கடலுக்கே பிள்ளையும் பெரும்பாலும் திரும்பி வருவதால், அங்கே எடுக்கும் கணக்குக்கு மதிப்பு அதிகம்.

எல்லாவற்றையும் எண்ண வேண்டியதில்லை. இந்த ஆண்டு 100 வால்களைப் படமெடுத்து, அடுத்த ஆண்டு எடுத்த 100-இல் 50 பழையவை என்றால், முதலில் எடுத்த 100 மொத்தத்தில் பாதி; ஆக மொத்தம் சுமார் 200 இருக்கும். நிஜக் கணக்கில் பிறப்பு, இறப்பு எல்லாம் சேரும். இப்படித்தான் வட பசிபிக்கில் 2012-இல் சுமார் 33,000 இருந்தவை 2021-க்குள் 27,000-க்கும் கீழே இறங்கியது தெரிந்தது. 2014-16 கடல் வெப்ப அலையில் இரை குறைந்ததே முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். திமிங்கில வேட்டை நின்ற பிறகும் இந்த இழப்பு நேர்ந்தது மனதை வாட்டுகிறது.

நீங்கள் எடுத்த படத்தில் வாலின் அடிப்பக்கம் தெரிகிறதா? தேதியும் இடமும் குறித்து ‘ஹேப்பிவேல்’ தளத்துக்கு அனுப்புங்கள். பொதுமக்கள் தரும் படங்களும் இந்தக் கணக்கில் சேர்கின்றன.