மேட்டூர் அணை எழுந்த வரலாறு

ஆடித் திங்களில் காவிரி பெருகி வருதல் கண்டு உழவர் மகிழ்வர். மகளிர் காப்பரிசியும் முளைப்பாரியும் ஏந்தி ஆற்றங்கரை செல்வர். அப்பெருக்கை எண்ணிக் கலங்குவான் ஒருவனும் உளன். அவனே, ஆற்றின் நடுவே பாதி எழுந்து நிற்கும் அணைக்குப் பொறுப்பேற்ற பொறியாளன்.

சேலம் மாவட்டத்தில் மேட்டூர் அணையின் பணி 1925இல் தொடங்கி 1934இல் முற்றியது. அணையின் நீளம் 5,300 அடி. உயரம் 214 அடி. நீர் 120 அடி நிற்பின் 9,347 கோடி கன அடி தேங்கும். வீடு கட்டுவோன் தன் ஊர் மழையை மட்டும் எண்ணினால் போதும். ஆற்றிடைக் கட்டுவோனோ குடகு மலையில் பெய்யும் மழையையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

பணி தொடங்குவதற்கு முந்திய ஆண்டே காவிரி தன் வலிமையைக் காட்டிற்று. 1924 சூலைத் திங்களில் நொடிக்கு ஏறத்தாழ நாலரை இலட்சம் கன அடி நீர் புரண்டு வந்தது. திருச்சி, தஞ்சைப் பகுதிகள் பேரழிவுற்றன. இத்தகைய வெள்ளம் மீண்டும் எப்போது வரும்? அடுத்த ஆண்டோ, நூறாண்டு கழித்தோ, யார் அறிவார்! நாள் தெரியாதெனினும், வந்தால் அதற்கு வழி வேண்டுமன்றோ? அணையின் இடப்புறத்தே மிகுநீர் கழியத் தனிக் கலிங்கு அமைந்துள்ளது. எல்லிசு என்னும் பொறியாளர் பெயரை அது தாங்கி நிற்கின்றது. மக்கள் அதனை '16 கண் மதகு' என்பர். கலிங்கு என்பது நம் ஏரிகளுக்கு உரிய பழஞ்சொல்; ஏரி கட்டிய நம் முன்னோரும் மிகுநீரை மறந்தாரல்லர்.

வெள்ளம் ஒன்றே ஐயத்துக்கு உரியதன்று. நிலத்தின் உள்ளும் ஐயம் உண்டு. துளையிட்டுப் பார்த்தால் துளையிட்ட இடத்துப் பாறையே தெரியும். இரு துளைகளுக்கு இடையே பாறை உறுதியாக உள்ளதோ, உளுத்துள்ளதோ, கடைக்கால் தோண்டிய பின்னரே விளங்கும். உளுத்திருப்பின் இன்னும் ஆழத் தோண்டல் வேண்டும். வகுத்த நாட்கணக்கும் செலவுக்கணக்கும் அன்றே மாறும்.

ஆகவே நாள்தோறும் அளவு எடுக்கப்படும். தோண்டிய மண் எவ்வளவு, கட்டிய கட்டு எவ்வளவு, ஆற்றின் நீர்மட்டம் யாது என்று குறித்து, வகுத்த திட்டத்தோடு ஒப்புநோக்குவர். எல்லாத் தாமதமும் ஒரு தன்மையன அல்ல என்பதை இங்கு நன்கு உணர்தல் வேண்டும். கரையோரப் பகுதியில் ஒரு திங்கள் பிந்தினால் அடுத்த திங்களில் ஈடு செய்யலாம். வெள்ளக் காலத்தும் அங்கு வேலை நடக்கும். ஆற்றுப்படுகையிற் கடைக்கால் பணி கோடையில் ஒரு திங்கள் பிந்தினாலோ, வெள்ளம் வந்து மூடிவிடும். மீண்டும் நீர் வற்றும் வரை காத்திருத்தல் வேண்டும். ஒரு திங்கள் ஓராண்டை விழுங்கிவிடும்! இதனை அறிந்த மேற்பார்வையாளன், பணி பின்தங்குவது கண்டதும், கரையில் உள்ள ஆட்களையும் பொறிகளையும் படுகைக்கு மாற்றுவான். கரை வேலை குறைகின்றதே என்று அவன் வருந்தான்.

1934 ஆகஸ்டு 21ஆம் நாள் ஆளுநர் ஸ்டான்லி அணையைத் திறந்து வைத்தார்; நீர்த்தேக்கம் அவர் பெயர் பெற்றது. அணை நிரம்பிய பின்னும் பெருவெள்ளம் வரும் காலங்களில் 16 கண் மதகு திறக்கப்படும். நீர் வெண்ணுரை சிந்திப் பாறைகளின்மேல் பாயும். ஏனைய நாட்களில் அப்பாறைகள் வெயிலில் காய்ந்து கிடக்கும்.