‘1000 வாட்ஸ்’ கார் ஆம்ப்: வாங்கும் முன் ஒரு கணக்கு, ரிப்பேர்னு சொன்னா அரை மணி நேர செக்கிங்

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, திருவள்ளூர் பக்கம் வேலை பார்க்கிற நிறைய பேர் முதல் கார் வாங்கினதும் அடுத்து யோசிக்கிறது மியூசிக் சிஸ்டம்தான். தினமும் ஜிஎன்டி ரோட்டுல ஒரு மணி நேரம் ஓட்டுறவங்களுக்கு அது நியாயமான ஆசை. வேண்டாம்னு சொல்ல இந்தப் பதிவு இல்லை. ஆனா இந்தச் செலவுல பணம் வீணாகிற இடங்கள் மூணு இருக்கு: பெட்டி மேல இருக்கிற வாட்ஸை நம்பி வாங்குறது, மட்டமான வயரிங், சின்னக் கோளாறுக்கு முழு ஆம்ப்பையே மாத்துறது. ஒவ்வொண்ணா பார்க்கலாம் வாங்க.

1. ஃபியூஸைப் பாருங்க, உண்மை தெரியும்

பெட்டியில ‘1000 வாட்ஸ் மேக்ஸ்’னு பெருசா போட்டிருப்பாங்க. அதை விட்டுடுங்க. ஆம்ப் பக்கவாட்டுல சொருகியிருக்கிற ஃபியூஸ் எத்தனை ஆம்பியர்னு பாருங்க. 30 ஆம்பியர்னு வைங்க. இன்ஜின் ஓடும்போது கார் சப்ளை சுமார் 14 வோல்ட். 14 × 30 = 420 வாட். தொடர்ந்து உள்ளே போகக்கூடிய மின்சாரமே சுமார் அவ்வளவுதான். இதுல கிளாஸ் ஏபி வகை ஆம்ப் பாதியை வெப்பமா விட்டுடும். மிஞ்சுறது 210 வாட் அளவு. கிளாஸ் டி வகை கிட்டத்தட்ட 80% தரும், அதாவது 330 வாட் அளவு. 1000 எங்கிருந்து வரும்?

அதனால கடையில கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: “ஆர்எம்எஸ் எவ்வளவு, எத்தனை ஓம்ஸ்ல?” ஜெனரல் பேட்டர்ஸ் ரோடானாலும் ஆன்லைனானாலும் இதே கேள்விதான். ஸ்பீக்கரோட ஆர்எம்எஸ்ஸையும் இதோட பொருத்திப் பாருங்க.

2. ஆம்ப் விலை மட்டும் பட்ஜெட் இல்லை

வயரிங் கிட், ஃபிட்டிங் கூலி, சப்வூஃபர் பெட்டி எல்லாத்தையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போடணும். வயரிங் கிட் வாங்கும்போது ஒரு விஷயம் கவனிங்க. மலிவான கிட்ல வர்றது பெரும்பாலும் சிசிஏ, அதாவது அலுமினியத்து மேல செம்பு பூசின வயர். அதே தடிமன் சுத்தச் செம்போட ஒப்பிட்டா, இது சுமார் மூணுல ரெண்டு பங்குதான் மின்சாரம் கடத்தும். நுனியைச் சுரண்டினா வெள்ளையா தெரிஞ்சா அலுமினியமா இருக்க வாய்ப்பு அதிகம். ஈயம் பூசின செம்பும் வெளியில வெள்ளையா இருக்கும், ஆனா இன்னும் சுரண்டினா உள்ளே செம்பு நிறம் தெரியும். சிசிஏதான் வாங்குறீங்கன்னா ஒரு சைஸ் தடிமனா வாங்குங்க.

இன்னொண்ணு இன்சூரன்ஸ். கம்பெனியில இருந்து வராத எலக்ட்ரிக்கல் பொருட்களை பாலிசியில தனியா அறிவிக்கணும். மோட்டார் டாரிஃப்படி இதுக்கான கூடுதல் பிரீமியம் பொருள் மதிப்புல 4%. 15,000 ரூபாய் செட்டுக்கு 600 ரூபாயும் ஜிஎஸ்டியும். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம், கேட்டுக்கோங்க. அறிவிக்கலைன்னா செட் திருடு போனா க்ளெய்ம் கிடைக்காது. இதுக்கும் வாரண்டிக்கும் ஜிஎஸ்டி பில் கட்டாயம்.

3. ஃபிட் பண்ணும்போது பக்கத்துல நில்லுங்க

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவைக் கழட்டச் சொல்லுங்க. அப்புறம் இந்த நாலு விஷயத்தைப் பாருங்க:

• மெயின் வயர்ல பேட்டரியில இருந்து ஒன்றரை அடிக்குள்ள ஃபியூஸ் இருக்கணும். இது ஆம்ப்புக்காக இல்ல, காருக்காக. வயர் எங்காவது உரசி பாடியில பட்டா, இந்த ஃபியூஸ் இல்லைன்னா வயரே தீப்பிடிக்கும்.
• பானெட்டுல இருந்து உள்ளே வர்ற ஓட்டையில ரப்பர் புஷ் இருக்கணும்.
• எர்த் வயர் மெயின் வயர் அளவு தடிமனா, முடிஞ்ச அளவு குட்டையா இருக்கணும். பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சுனு தெரியற இரும்புல போல்ட் போடணும்.
• மெயின் வயர் ஒரு பக்கம், ஆர்சிஏ கேபிள் மறு பக்கம் போகணும்.

வாரண்டியில இருக்கிற கார்னா, ஒரிஜினல் வயரை வெட்டாம கப்ளர் போட்டுத்தரச் சொல்லுங்க. வெட்டின வயர்னால வர்ற எலக்ட்ரிக்கல் கோளாறுக்கு வாரண்டி மறுக்கப்படலாம்.

4. கோளாறு வந்தா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி

சில நூறு ரூபாய்க்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். அது போதும்.

*லைட்டே எரியலையா?* மீட்டரை டிசி வோல்ட்ல வைங்க. கறுப்பு முனை ஆம்ப்போட எர்த்ல, சிவப்பு முனை மெயின் டெர்மினல்ல. இன்ஜின் ஆஃப்ல சுமார் 12.6, ஆன்ல 13.8 முதல் 14.4 வரை காட்டணும். வரலைன்னா பேட்டரி பக்கத்து ஃபியூஸ், இல்ல எர்த் போல்ட். வந்தா, அடுத்து ரிமோட் டெர்மினல்ல பாருங்க. ஸ்டீரியோ ஆன்ல 12 வோல்ட் அளவு இருக்கணும்.

*ப்ரொடெக்ட் லைட் எரியுதா?* இதைப் பார்த்ததும் “போர்டு போச்சு சார், புதுசு போட்டுடலாம்”னு சிலர் சொல்லிடுவாங்க. ஆஃப் பண்ணிட்டு ஸ்பீக்கர் வயர் எல்லாத்தையும் கழட்டி, மறுபடி ஆன் பண்ணுங்க. லைட் அணைஞ்சா ஆம்ப் நல்லாத்தான் இருக்கு. ஸ்பீக்கரோ அதோட வயரோதான் ஷார்ட். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டர்ல 3 முதல் 4 வரை காட்டும். இன்னும் எரிஞ்சா ஆர்சிஏவையும் கழட்டிப் பாருங்க. அப்பவும் எரிஞ்சாதான் ஆம்ப் உள்ளே கோளாறு.

*இன்ஜின் வேகத்தோட சேர்ந்து ‘ஙொய்ங்’ சத்தமா?* பெரும்பாலும் எர்த் சரியில்லை, இல்லைன்னா ஆர்சிஏ மெயின் வயரோட சேர்ந்து ஓடுது.

*கொஞ்ச நேரம் பாடிட்டு நின்னுடுதா?* சூடு. சீட் அடியில கார்ப்பெட்டால மூடியிருக்கான்னு பாருங்க.

*ஃபியூஸ் அடிக்கடி போகுதா?* பெரிய ஃபியூஸ் மட்டும் போடாதீங்க. காரணத்தைக் கண்டுபிடிங்க.

*ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா கார் ஸ்டார்ட் ஆகலையா?* ரிமோட் வயரை நேரா பேட்டரி லைன்ல கொடுத்திருக்கலாம். சும்மா இருக்கும்போது ஆம்ப் 1 ஆம்பியர் எடுத்தா, 12 மணி நேர ஷிஃப்ட்டுல 12 ஆம்பியர்-ஹவர் காலி. சின்ன கார்ல இருக்கிற பேட்டரியே 35 அளவுதான். ஒரு வீக்எண்ட் நிறுத்தினா முழுசா தீர்ந்துடும். இப்படி அடிக்கடி தீர்ந்தா பேட்டரி ஆயுளும் குறையும். தப்பு ஒரு வயர்ல, செலவு புது பேட்டரிக்கு!

5. இஎம்ஐ போடலாமா?

18,000 ரூபாய் செட்டை கிரெடிட் கார்டுல 12 மாச இஎம்ஐ, 16% வட்டின்னு வைங்க. மாசம் சுமார் 1,633 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1,600, அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி சுமார் 290, அது போக ப்ராசஸிங் ஃபீஸ். ‘நோ காஸ்ட்’னு சொன்னாலும் ஃபீஸும் ஜிஎஸ்டியும் இருக்கான்னு பாருங்க; ரொக்கமா கொடுத்தா டிஸ்கவுண்ட் உண்டான்னும் கேளுங்க. நாளுக்கு நாள் மதிப்பு குறையற பொருளுக்கு வட்டி கட்டுறதை விட, மாசம் 1,500 ரூபாய் ஆர்டியில போட்டா அதே 12 மாசத்துல வட்டியோட உங்க கையில இருக்கும். அவசர நிதி மூணு மாசச் செலவு அளவுக்காவது சேர்ந்த பிறகு இதைத் தொடங்குங்க.

வாரண்டி இருந்தும் பில்லைக் காட்டியும் கடைக்காரர் கைவிரிச்சா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் கொடுக்கலாம். அப்போ “ஸ்பீக்கரையும் ஆர்சிஏவையும் கழட்டியும் ப்ரொடெக்ட் லைட் எரியுது”ன்னு நீங்க சொல்ல முடிஞ்சா, உங்க பேச்சுக்கு எடை கூடும்.

மீட்டர் பிடிச்சு செக் பண்றதை நம்ம சேனல் வீடியோவுலயும் பார்க்கலாம்.