ஈரலைத் தவிர்த்து ஓடும் குருதி
(கன்று, நாய், மனிதர் ஆகியோரிற் காணப்படும் வாயினாளப் புறவழி)

இரைப்பை, குடல், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து திரும்பும் குருதி நேரே இதயத்தை அடைவதில்லை. அது ஈரல் வாயினாளம் என்னும் பெருநாளத்திற் சேர்ந்து முதலில் ஈரலுட் புகுகின்றது. குடலில் நுண்ணுயிர்கள் புரதத்தைச் சிதைக்கும்போது உண்டாகும் அமோனியாவை ஈரல் யூரியாவாக மாற்றுகின்றது. யூரியா சிறுநீருடன் வெளியேறும். வாய்க்காற் கரையில் உடைப்பு ஏற்பட்டால் நீர் வயலுக்குச் செல்லாது ஓடையில் வீழ்வதுபோல, வாயினாளத்திலிருந்து பெருநாளத்துக்கு ஒரு புறவழி இருப்பின் குருதி ஈரலிற் சுத்திகரிக்கப்படாமலே உடலெங்கும் பரவும். அதிலுள்ள நஞ்சு மூளையைத் தாக்கும்.

இப்புறவழி இருவகைப்படும். தாயின் வயிற்றிலிருக்கும் குட்டிக்கு ஈரலின் வேலையைப் பெரும்பாலும் தாயே செய்வதால், கொப்பூழ்நாளக் குருதியின் ஒரு பகுதி ஈரலைத் தவிர்த்துச் செல்ல இயற்கையே ஒரு வழி வைத்துள்ளது. பிறந்து சில நாட்களுள் அது மூடிவிடும். மூடாது நிற்பினும், வேறிடத்திற் பிழையான நாளமொன்று அமைந்துவிடினும், அது பிறவிக் குறையாகும். மற்றையது, ஈரல் தழும்பேறி இறுகியதனால் உள்ளே புக முடியாத குருதி தானே பல சிறு நாளங்களை விரித்துக்கொண்டு வெளியேறுவது.

1877ஆம் ஆண்டில் உருசிய நாட்டு எக் என்பவர் நாய்களின் வாயினாளத்தைப் பெருநாளத்துடன் இணைத்துப் பார்த்தார். அதே முறையிற் சத்திரசிகிச்சை செய்த நாய்களைப் பவுலோவும் அவருடன் உழைத்தோரும் ஆராய்ந்து, இறைச்சி உண்டபின் அவை தள்ளாடி, வலிப்புற்று, உணர்விழப்பதை 1893இல் வெளியிட்டனர். தீனிக்குப் பின் நோய் மிகும் என்ற அந்த அவதானம் இன்றும் நோயை ஐயுறுவதற்குச் சிறந்த வழியாகும்.

கன்றுகளில் இந்நோய் அரிது. பால்மறந்து தீனி உண்ணத் தொடங்கும் பருவத்திற் கன்று வளராது குறுகி நிற்கும், தள்ளாடும், சுவரில் தலையை முட்டி நிற்கும், சாணம் போடுவதற்கு இடைவிடாது முக்கும். நாய்க்குட்டியாயின் ஒரே ஈற்றிற் பிறந்தவற்றுள் மிகச் சிறியதாயிருக்கும். உண்டபின் மந்தமடைந்து, வட்டமிட்டு, சில வேளை கண் தெரியாததுபோல் நடக்கும். பூனையில் வாய்நீர் ஒழுகுதல் முதன்மையான குறி. அறுவைக்காக மயக்கமருந்து கொடுத்த குட்டி நெடுநேரம் விழியாதிருந்ததனால் நோய் வெளிப்படுவதும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாய்நீர் ஒழுகுதல், முக்குதல், நடத்தை மாறுதல் ஆகிய இவையனைத்தும் விசர்நோயின் குறிகளுமாகும். புறவழியுள்ள விலங்கு இடையிடையே தெளிவடையும். விசர்நோய் கண்டது சில நாட்களில் இறந்துபடும். ஆயினும் இவ்வேறுபாட்டை வளர்ப்பவர் தாமே முடிவு செய்தலாகாது. தொண்டையில் ஏதோ சிக்கியதெனக் கருதி வாயினுட் கைவிடுதல் உயிருக்கே ஆபத்து. விலங்கைத் தனியே அடைத்து மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும். வாய்நீர் காயத்திலோ கண்ணிலோ வாயிலோ பட்டிருப்பின் தாமதியாது கழுவுக. காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்க.

நாயில் நோயைத் துணிவதற்கு, வெறுவயிற்றிலும் உணவுண்டு இரண்டு மணித்தியாலத்தின் பின்னும் குருதியெடுத்துப் பித்த அமிலங்களை அளப்பர். அமோனியாவையும் அளக்கலாம், ஆனால் அக்குருதியைப் பனிக்கட்டியில் வைத்து விரைந்து சோதியாவிடின் விடை பிழைக்கும். சிறுநீரில் அமோனியம் யூரேற்றுப் பளிங்குகள் காணப்படலாம். தல்மேசியன் சாதி நாய்களில் இக்குறையின்றியும் அவை காணப்படும் என்பதை மறத்தலாகாது. நாளம் செல்லும் வழியைக் கழியொலிப் படத்தாலும் கணினிக் கதிர்ப்படத்தாலும் காணலாம்.

சிகிச்சையின் முதற்படி அமோனியாவைக் குறைத்தல். இறைச்சியைக் குறைத்து, முட்டை, பாற்பொருள், சோயா ஆகியவற்றிலிருந்து அளவான புரதத்தைச் சிறுசிறு வேளைகளாகக் கொடுப்பர். வளரும் குட்டிக்குப் புரதத்தை அறவே நிறுத்துவது அதனைப் பட்டினி போடுவதேயாம். இலற்றுலோசு என்னும் இனிப்புப் பாகு பெருங்குடலைப் புளிப்பாக்கி அமோனியாவை அங்கேயே பிடித்து மலத்துடன் வெளியேற்றும். பிறவிப் புறவழியைச் சத்திரசிகிச்சையால் மூடலாம். ஒரேயடியாக மூடினால் வாயினாளத்தில் அழுத்தம் ஏறி விலங்கு இறக்கக்கூடும். ஆதலின் சில வாரங்களில் மெல்ல நெருக்கும் வளையமொன்றை நாளத்தைச் சுற்றிப் பொருத்துவர். இறுகிய ஈரலால் உண்டான புறவழிகளை மூடலாகாது. அவை மிகுந்த அழுத்தத்துக்குப் போக்கிடமாக உள்ளவை. கன்றுக்கு இத்தகைய சத்திரசிகிச்சை செலவுக்கு ஈடாவது அரிது.

மனிதரிற் பெரும்பாலும் காணப்படுவது இரண்டாம் வகையே. மது, ஈரலழற்சிக் கிருமிகள், ஈரற் கொழுப்பு ஆகியவற்றால் ஈரல் இறுகியவரின் களத்திலே நாளங்கள் புடைத்து, உடைந்து, குருதி வாந்தி உண்டாகும். இரவுறக்கம் கெட்டுப் பகலில் உறங்குதல், நீட்டிய கை படபடத்தல், பேச்சுத் தடுமாறுதல் ஆகியன மூளை பாதிக்கப்பட்டமைக்கு அடையாளம். மலச்சிக்கல், குருதிப்பெருக்கு, தொற்றுநோய், உறக்க மருந்து ஆகியன இந்நிலையைத் தூண்டும். இலற்றுலோசு இவர்களுக்கும் பயன்படுகின்றது. முன்னாளில் இவர்களுக்குப் புரதத்தை விலக்கினர். தசை நலிவது தீமையை மிகுவிப்பதால் இன்று அவ்வாறு செய்வதில்லை.

கமக்காரர் தம் கையாலேயே தடுக்கக்கூடிய காரணமும் ஒன்றுண்டு. கிலுகிலுப்பை இனச் செடிகளிலும் தேட்கொடுக்கிலும் உள்ள பிரோலிசிடீன் வகை நஞ்சு ஈரலின் நுண்ணாளங்களை அடைத்து அதனை இறுகச் செய்யும். 1970களின் நடுவில் மத்திய இந்தியாவின் சர்குசாவில், கிலுகிலுப்பை இன விதை கலந்த சிறுதானியத்தை உண்ட மக்கள் வயிறு வீங்கி இறந்தனர். இலங்கையின் நாட்டு மருந்து மூலிகைகள் சிலவற்றிலும் இந்நஞ்சு உண்டென 1981இல் வெளியான ஆய்வு காட்டியது.

பசுந்தாட் பசளைக்காக விதைக்கும் சணலும் இவ்வினத்ததே. அதற்காக அதனைக் கைவிடவேண்டியதில்லை. விதைக்கு விட்ட பாத்தியில் மாடு, ஆடு, குதிரை ஆகியவற்றைக் கட்டாதீர்கள். மற்றப் பாத்திகளைப் பூக்கும் பருவத்திலேயே உழுது மண்ணிற் புதையுங்கள். சணல் விதை கொட்டிய களத்தில் குரக்கனையோ வேறு தானியத்தையோ காயவிடுமுன் களத்தை நன்கு கூட்டி, விதைச்சாக்கைத் தீனிச்சாக்கிலிருந்து வேறாக வையுங்கள்.